டேப் தலைக்குள்ள ஒரு எக்ஸ் பட்டன்: ஆங்குலர் மெட்டீரியல்ல எந்த வழி தேறும்?

எங்க பில்லிங் ஆப்ல ஒரு ஸ்கிரீன் இருக்கு, ஒரே நேரத்துல அஞ்சாறு பில்லை திறந்து வச்சுக்கிட்டு மாத்தி மாத்தி வேலை பாக்கலாம், ஒவ்வொரு பில்லும் ஒரு டேப். ஆரம்பத்துல டேப் மேல வெறும் "பில் 1", "பில் 2"ன்னு தான் இருந்துச்சு, யாருக்கும் குறை இல்ல. ஒருநாள் மேனேஜர் சார் பிரவுசரோட டேப் வரிசையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, "இது மாதிரி வேணும்பா, கஸ்டமர் பேரு, எத்தனை ஐட்டம், சேவ் ஆகலைன்னா ஒரு புள்ளி, ஓரத்துல எக்ஸ். சின்ன வேலை தானே?"ன்னார். நானும் தலையாட்டிட்டேன். மூணு ஸ்பிரிண்ட் போச்சு.

அந்த மூணு ஸ்பிரிண்ட்ல இருக்கற எல்லா வழியிலயும் ஒரு தடவை போய் முட்டிக்கிட்டு திரும்பி வந்தேன், அதனால இதே மாதிரி வேலை கையில வச்சிருக்கறவங்களுக்கு உதவும்னு எழுதறேன். என் கணக்கு ஒண்ணே ஒண்ணு தான். டேப்போட தலை, அதாவது ஹெட்டர், எப்படி தெரியணும்ங்கறதை வச்சு வழியை முடிவு பண்ணாதீங்க, ஹெட்டருக்குள்ள யூசர் தொடற மாதிரி, டைப் பண்ற மாதிரி ஏதாவது வரப்போகுதான்னு மட்டும் பாருங்க. வரலைன்னா அரை நாள் வேலை. வந்துச்சுன்னா ஆங்குலருக்கான ரெடிமேட் காம்பொனன்ட் லைப்ரரி மெட்டீரியல்ல வர்ற டேப் காம்பொனன்ட்டான மேட்-டேப்-குரூப்பை விட்டுட்டு வெளிய வர்றது தான் நல்லது, அதை நான் ரொம்ப லேட்டா புரிஞ்சுக்கிட்டேன்.

முதல்ல எல்லாரும் போற வழி சிஎஸ்எஸ்ஸை வச்சு அடிக்கறது. இன்ஸ்பெக்ட் பண்ணி எந்த கிளாஸ்னு பாத்துட்டு, நம்ம காம்பொனன்ட்டோட ஸ்டைல் ஃபைல்ல அந்த கிளாஸுக்கு பேடிங்கை குறைச்சு எழுதுவோம், ரீலோட் பண்ணுவோம், ஒண்ணும் நடக்காது. ஏன்னா ஆங்குலர் நம்ம டெம்ப்ளேட்ல நாம எழுதுன எலிமென்ட்டுக்கு மட்டும் தான் தனியா ஒரு அட்ரிபியூட் ஒட்டி விடும், நம்ம ஸ்டைல் அது ஒட்டியிருக்கற எலிமென்ட் மேல தான் ஏறும், டேப் ஹெட்டரோட டிவ் எல்லாம் மெட்டீரியல் தன் டெம்ப்ளேட்ல இருந்து உருவாக்கறது, அதுல நம்ம முத்திரை கிடையாது. உடனே யாராவது அந்த தடையை தாண்டி ஸ்டைலை உள்ள இறக்கற என்ஜி-டீப் போடுன்னு சொல்லுவாங்க, போட்டா வேலை செய்யும், பல வருஷமா டெப்ரிகேட்டட், அதாவது இனி பயன்படுத்தாதீங்கன்னு எழுதி வச்சிருந்தும் இன்னும் வேலை செய்யுது, அது தான் பிரச்சனையே.

நானே அப்படி முப்பது நாப்பது வரி எழுதி வச்சிருந்தேன். 2022 நவம்பர்ல ஆங்குலர் 15 வந்தப்ப டேப் உட்பட நிறைய காம்பொனன்ட்டை எம்டிசி (மெட்டீரியல் டிசைன் காம்பொனன்ட்ஸ்) மேல புதுசா கட்டுனாங்க, மேட்-டேப்-லேபிள்னு இருந்த கிளாஸ் மேட்-எம்டிசி-டேப்னு ஆயிடுச்சு. பழசையும் லெகஸின்னு கொஞ்ச நாள் கூடவே வச்சிருந்துட்டு 17ல, அதாவது 2023 நவம்பர்ல, எடுத்துட்டாங்க. நான் லெகஸியிலயே ஓட்டிக்கிட்டு இருந்துட்டு கடைசியில மாறுனப்ப அந்த நாப்பது வரியும் சத்தமே இல்லாம செத்துப் போச்சு. டைப்ஸ்கிரிப்ட்னா பில்டு உடையும், சிஎஸ்எஸ்ல கிளாஸ் பேரு மாறிப்போனா ஒரு எரர் கூட வராது. இது போதாதுன்னு பழைய டேப்புக்கு குறைஞ்சபட்ச அகலம் 160 பிக்சல், புதுசுல 90, அதோட புதுசுல டேப் எல்லாம் இருக்கற அகலத்தை பங்கு போட்டு நிரப்பிக்கறது தான் டீஃபால்ட். மூணே டேப் இருக்கற ஸ்கிரீன்ல ஒவ்வொண்ணும் பாய் விரிச்ச மாதிரி கிடந்துச்சு. இதுக்கு சிஎஸ்எஸ்ஸே தேவையில்ல, மேட்-ஸ்ட்ரெட்ச்-டேப்ஸ்னு ஒரு இன்புட் இருக்கு, ஃபால்ஸ்னு குடுத்தா போதும், அது தெரியாம நான் ஒரு மணி நேரம் ஃப்ளெக்ஸோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். குறிப்பிட்ட ஒரு டேப்புக்கு மட்டும் தனி கிளாஸ் வேணும்னா லேபிள்கிளாஸ்னு மேட்-டேப்லயே ஒரு இன்புட் இருக்கு, நிறைய பேருக்கு தெரியாது. ஆனா அந்த கிளாஸுக்கான ஸ்டைலை குளோபல் ஃபைல்ல தான் எழுதணும், மேல சொன்ன அதே காரணம் தான்.

கலர், உயரம், கீழ ஓடற கோட்டோட தடிமன், எழுத்து சைஸ், இவ்வளவு தான் மாத்தணும்னா இப்ப இருக்கற சரியான வழி டோக்கன், அதாவது கலர், சைஸ் மாதிரி ஒவ்வொண்ணுக்கும் மெட்டீரியல் பேரு வச்சு நம்மளை மாத்த விட்டிருக்கற வேல்யூ. 19ல இருந்து ஒவ்வொரு காம்பொனன்ட்டுக்கும் ஓவர்ரைட்ஸ்னு ஒரு மிக்ஸின் (சாஸ் ஃபைல்ல பேரு சொல்லி கூப்பிடற ஸ்டைல் துண்டு) இருக்கு, டேப்ஸ்-ஓவர்ரைட்ஸ்க்குள்ள எந்த டோக்கனுக்கு என்ன வேல்யூன்னு குடுத்துட்டா அது பின்னாடி சிஎஸ்எஸ் வேரியபிளா மாத்திக்கும். அந்த வேரியபிளை நேரடியா எழுதியும் மாத்தலாம், ஆனா அதோட பேருல முன்ன எம்டிசி-ன்னு இருந்தது பின்னாடி மேட்-ன்னு மாறியிருக்கு, அதனால மிக்ஸின் வழியா போறது தான் பத்திரம், பேரு மாறுனா பில்டுலயே தெரிஞ்சிடும். உயரம் 48 பிக்சல் ஜாஸ்தியா தெரியுதுன்னா டென்சிட்டியை ஒரு படி இறக்குங்க, படிக்கு 4 பிக்சல் குறையும். இதுல குறை என்னன்னா டோக்கன் லிஸ்ட்ல இருக்கறதை மட்டும் தான் தொட முடியும். கடைக்காரர் வச்சிருக்கற சைஸ்ல தான் சட்டை எடுக்கணும், தைக்க சொல்ல முடியாது. பாதி ப்ராஜெக்ட்டுக்கு அதுவே போதும்னு தான் சொல்லுவேன்.

இந்த இடத்துல தமிழ்ல லேபிள் போடறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிட்டு போறேன். எங்க ஆப் தமிழ்லயும் ஓடும், இங்கிலீஷ்ல "செட்டிங்ஸ்"னு எட்டு எழுத்துல அடங்கறது தமிழ்ல "அமைப்புகள்"னு நீளும், "வாடிக்கையாளர் விவரங்கள்"னு வந்தா டேப் வரிசையே வலது பக்கம் ஓடிப்போய் ரெண்டு ஓரத்துலயும் அம்புக்குறி முளைச்சிடும். அகலத்தை கட்டி கடைசியில மூணு புள்ளி (எலிப்சிஸ்) போடலாம்னு ஓவர்ஃப்ளோ ஹிட்டன் குடுத்தேன், லைன் ஹைட் குறைவா இருந்ததால "கு", "மூ" மாதிரி எழுத்துல கீழ வர்ற சுழி கத்தரிச்ச மாதிரி வெட்டுப்பட்டுச்சு. லைன் ஹைட்டை ஒண்ணரை பக்கம் ஏத்துனதும் சரியாச்சு. எழுத்துக்கு எழுத்து கொஞ்சம் இடைவெளி விடற ரூல் ஒண்ணும் உள்ள இருக்கு, இங்கிலீஷுக்கு அழகா தான் இருக்கு, தமிழ்ல வார்த்தை பிஞ்சு நிக்கற மாதிரி தெரியும். அதுக்கு டோக்கன்லயே டிராக்கிங்னு இருக்கு, பூஜ்யம் ஆக்கிடுங்க.

அடுத்தது டெம்ப்ளேட் வழி. மேட்-டேப்புக்குள்ள ஒரு என்ஜி-டெம்ப்ளேட் வச்சு அதுல மேட்-டேப்-லேபிள்னு எழுதுனா, லேபிள் இடத்துல நமக்கு வேண்டியதை வச்சுக்கலாம். ஐகான், ரெண்டு வரி எழுத்து, எண்ணிக்கை, சேவ் ஆகாத புள்ளி, எதுவேணா. எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது என்னன்னா அந்த டெம்ப்ளேட்ல இருக்கறது நாம எழுதுன எலிமென்ட், அதனால நம்ம முத்திரை அதுல ஒட்டியிருக்கும், நம்ம காம்பொனன்ட்டோட ஸ்டைல் ஃபைல்ல எழுதுனாலே ஏறும், என்ஜி-டீப் பக்கமே போக வேண்டாம். வெளிய இருக்கற டப்பா மெட்டீரியலோடது, உள்ள இருக்கற பண்டம் நம்மளோடது. எண்ணிக்கைக்கு மேட்-பேட்ஜ் போடாதீங்க, அது மூலையில வெளிய நீட்டிக்கிட்டு நிக்கற டிசைன், ஹெட்டர்ல ஓவர்ஃப்ளோ ஹிட்டன் இருக்கறதால தலை வெட்டுப்படும், பேசாம ஒரு ஸ்பேன்ல ரவுண்டா பேக்ரவுண்ட் குடுத்து வச்சிடுங்க. வெறும் ஐகான் மட்டும் வைக்கறதா இருந்தா மேட்-டேப் மேலயே ஏரியா-லேபிள் குடுக்க மறந்துடாதீங்க, இல்லன்னா திரையில இருக்கறதை வாசிச்சு சொல்ற ஸ்கிரீன் ரீடர் வச்சிருக்கறவருக்கு அது பேரில்லாத டேப்.

பேரு, எண்ணிக்கை, புள்ளி மூணும் அரை நாள்ல முடிஞ்சு டெமோவும் காட்டியாச்சு. நாசமா போனது எக்ஸ்ல.

எக்ஸை அழுத்துனா கிளிக் மேல டேப்புக்கும் போகும், அதனால மூட நினைச்ச டேப் முதல்ல திறந்து ஒரு நொடி மின்னிட்டு அப்புறம் மூடும். கிளிக் மேல போகாம தடுக்கற ஸ்டாப்-ப்ராபகேஷன் போட்டா அது நின்னுடும், சரி. அப்புறம் பேரை டபுள் கிளிக் பண்ணி அங்கயே மாத்தற வசதி கேட்டாங்க, டெம்ப்ளேட்லயே டைப் பண்ற இன்புட் பெட்டி ஒண்ணு வச்சேன். எங்க டெஸ்டர் அக்கா ஒருத்தங்க இருக்காங்க, ஒரு ஃபீச்சர் வந்ததும் முதல் வேலையா மவுஸை உருவி தள்ளி வச்சுட்டு தான் உக்காருவாங்க. கஸ்டமர் பேருல நடுவுல ஒரு எழுத்து தப்புன்னு இடது அம்புக்குறியை அழுத்துனாங்க, கர்சர் நகரலை, ஃபோக்கஸ் பக்கத்து டேப்புக்கு ஓடிப்போச்சு.

"என்ன தம்பி, எழுத்தை திருத்த விடாம அடுத்த வீட்டுக்கு துரத்துது?"

"அக்கா, அது டேப்போட கீபோர்டு..."

"அது எனக்கு எதுக்கு? ஹோம் கீ அழுத்துனா முதல் டேப்புக்கு போயிடுது பாரு."

காரணம் இது தான், அம்புக்குறி, ஹோம், எண்ட் எல்லாத்தையும் டேப் ஹெட்டர் மொத்தமா கேட்டுக்கிட்டு இருக்கு, டேப்புக்கு டேப் நகர அதுக்கு அந்த கீ எல்லாம் வேணும், அது தப்பும் இல்ல, அது தான் ஸ்டாண்டர்ட். உள்ள இன்புட் இருக்கும்னு அது எதிர்பாக்கலை, அவ்வளவு தான். கீடவுனுக்கும் ஒரு ஸ்டாப்-ப்ராபகேஷன் போட்டு அதையும் அடக்குனேன். அக்கா விடலை. டேப் கீயை தட்டிக்கிட்டே வந்தாங்க, ஒவ்வொரு எக்ஸ் பட்டன்லயும் நின்னு நின்னு போச்சு, ஆறு பில் திறந்திருந்தா பில்லுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஆறு தட்டு கூடுதல். டேப் வரிசைன்னா ஒரே ஒரு நிறுத்தம் தான் இருக்கணும், உள்ள அம்புக்குறியால நகரணும், அந்த அமைப்பையே நாம உடைச்சு வச்சிருக்கோம்.

அப்புறம் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரை ஓட விட்டு காட்டுனாங்க. "கே எஸ் ஸ்டோர்ஸ் 12 மூடு"ன்னு ஒரே மூச்சுல வாசிச்சுச்சு. 12 என்ன, மூடுன்னா யாரை மூட சொல்றன்னு கேக்கறவருக்கு ஒண்ணும் புரியாது. இது பக் இல்ல, ஸ்கிரீன் ரீடர் மாதிரி கருவிகளுக்காக இருக்கற ஏரியா (ARIA) ஸ்பெக்லயே டேப்ங்கற ரோலுக்கு உள்ள இருக்கற பிள்ளைங்க எல்லாம் வெறும் அலங்காரம்னு தான் வச்சிருக்காங்க, உள்ள பட்டன் வச்சாலும் ஸ்கிரீன் ரீடர் கண்ணுக்கு அது பட்டன் இல்ல, வெறும் எழுத்து. ரியாக்ட் பக்கம் போனாலும் இதே கதை தான், அங்க இருக்கற எம்யூஐ லைப்ரரியில லேபிளுக்கு எந்த நோடு வேணா குடுக்கலாம், ஆனா அங்க டேப்பே ஒரு பட்டன், பட்டனுக்குள்ள பட்டன் வச்சா கன்சோல்ல திட்டாவது விழும். மேட்-டேப்-குரூப்ல டேப்ங்கறது டிவ், அதனால எந்த திட்டும் இல்லாம உள்ள விட்டுடும், அது தான் ஏமாத்திடுச்சு.

நடுவுல ஒரு நாள் நேவ்-பார் வழியையும் பாத்தேன். மேட்-டேப்-நேவ்-பார்ல ஒவ்வொரு டேப்பும் ஒரு லிங்க், அதை நாமளே டெம்ப்ளேட்ல எழுதறோம், யூஆர்எல்லுக்கு ஏத்த பக்கத்தை காட்டற ஆங்குலர் ரவுட்டரோட சேந்து போகும். ஒவ்வொரு டேப்புக்கும் தனி யூஆர்எல் வேணும், ரீஃப்ரெஷ் பண்ணா அதே டேப்ல நிக்கணும், பேக் பட்டன் வேலை செய்யணும்னா இதை விட்டு வேற யோசிக்கவே வேண்டாம். புது வெர்ஷன்ல டேப்-பேனல் எதுன்னு சொல்லியே ஆகணும், இல்லன்னா டெவலப்மென்ட்ல எரர் அடிக்கும், அது நல்லது தான். லிங்க் நாம எழுதுன எலிமென்ட் ஆனதால ஸ்டைலும் சுலபம். ஆனா எக்ஸ் விஷயத்துல இதுவும் அதே கிணறு தான், லிங்க்குக்குள்ள பட்டன். சேவ் ஆகாத பில்லுக்கு யூஆர்எல்லும் கிடையாது, அதனால எங்களுக்கு ஒத்து வரலை.

கடைசி வழி, டேப் வரிசையை மட்டும் நாமளே எழுதறது. நாமளேன்னா ஒண்ணுமில்லாததுல இருந்து இல்ல, மெட்டீரியலுக்கு அடியில இருக்கற கருவிப் பெட்டியான சிடிகே-ல ஃபோக்கஸ்-கீ-மேனேஜர் இருக்கு, அம்புக்குறி, ஹோம், எண்ட், கடைசியில இருந்து முதலுக்கு சுத்தி வர்றது எல்லாத்தையும் அது பாத்துக்கும், மெட்டீரியல் டேப் உள்ளயும் அதே சாமான் தான் ஓடுது. 21ல இருந்து ஆங்குலர் ஏரியான்னு தனி பேக்கேஜ் வந்திருக்கு, டெவலப்பர் ப்ரிவியூவா விட்டாங்க, ஸ்டைலே இல்லாம நடத்தை மட்டும் குடுக்கற டைரக்டிவ், அதுல டேப்ஸும் இருக்கு. இன்னைக்கு புதுசா ஆரம்பிக்கறவங்க முதல்ல அதை பாருங்க. எங்க வெர்ஷன் அப்ப பழசு, அதனால நான் சிடிகே-ல எழுதுனேன்.

இதுக்கு எனக்கு ஒரு வாரம் முழுசா ஆச்சு, டெம்ப்ளேட் வழியோட ஒப்பிட்டா பத்து மடங்கு. அந்த ஒரு வாரத்துல டேப் வரையறதுக்கு ஒரு நாள் கூட ஆகலை. மெட்டீரியல் ஓசியில குடுத்துக்கிட்டு இருந்த ஒவ்வொண்ணையும் திரும்ப செய்யறதுல தான் போச்சு. டேப் ஜாஸ்தியானா ஓரத்துல அம்புக்குறி காட்டி நகத்தறது அதுல தானா நடக்கும், இங்க நான் அம்புக்குறியே வேண்டாம்னு கிடையா ஸ்க்ரோல் விட்டுட்டு, ஃபோக்கஸ் ஆன டேப்பை ஸ்க்ரோல்-இன்டு-வியூ பண்ணி கண்ணு முன்னாடி கொண்டு வந்துட்டேன். கீழ வழுக்கி ஓடற கோடு இருக்கே, அதை விட்டுட்டேன், யாரும் கேக்கவும் இல்ல. தேர்ந்தெடுத்த டேப்புக்கு டேப்-இன்டெக்ஸ் 0, மத்ததுக்கெல்லாம் மைனஸ் 1, ஏரியா-செலக்டட், ஏரியா-கன்ட்ரோல்ஸ், பேனல் பக்கத்துல இருந்து திரும்ப டேப்பை காட்டற ஏரியா-லேபிள்டு-பை, இதுல ஒண்ணு விட்டுப்போனாலும் கண்ணால பாக்கறவங்களுக்கு தெரியவே தெரியாது, அதனால கோட் ரிவியூல தான் பிடிக்கணும். அம்புக்குறி அழுத்துனதும் டேப்பை உடனே திறக்கறதா, எண்டர் வரைக்கும் காத்திருக்கறதான்னும் முடிவு பண்ணணும். பேனல் ரெடியா கையில இருந்தா உடனே திறக்கலாம், சர்வர்ல இருந்து இழுக்கணும்னா எண்டருக்கு காத்திருக்கறது தான் மேல், இல்லன்னா கடைசி டேப்புக்கு போறதுக்குள்ள வழியில இருக்கற அஞ்சு பில்லையும் லோட் பண்ணும். மேட்-டேப்-குரூப்பும் எண்டருக்கு தான் காத்திருக்கும், நானும் அதையே வச்சுக்கிட்டேன்.

எக்ஸுக்கு கடைசியில என்ன பண்ணேன்னா, டேப்புக்குள்ள வைக்காம அதுக்கு பக்கத்துல வச்சு ரெண்டையும் ஒரே கட்டத்துல போட்டு ஒண்ணு மாதிரி காட்டிட்டேன். அந்த எக்ஸ் மவுஸுக்கு மட்டும், டேப்-இன்டெக்ஸ் மைனஸ் 1, ஸ்கிரீன் ரீடருக்கு மறைச்சாச்சு. கீபோர்டுல வர்றவங்களுக்கு டேப் மேல நின்னு டெலீட் கீ, ஸ்டாண்டர்ட்லயே மூடறதுக்கு அந்த கீயை தான் சொல்லியிருக்காங்க. டெலீட் கீன்னு எத்தனை பேருக்கு தோணும்னு அக்கா கேட்டாங்க, நியாயம் தான், அதனால பில்லுக்கு மேல இருக்கற டூல்பார்ல "இந்த பில்லை மூடு"ன்னு நிஜமான ஒரு பட்டனும் வச்சாச்சு. மவுஸ் நடு பட்டனை அழுத்துனா மூடற வசதி எனக்கு நானே குடுத்துக்கிட்ட லஞ்சம், ஆக்ஸ்கிளிக் ஈவன்ட்ல பட்டன் நம்பர் 1 வந்தா மூடு, ரெண்டு வரி. பேரை மாத்தற இன்புட்டை டேப்ல இருந்தே தூக்கி பில்லுக்குள்ள வச்சுட்டேன், யாரும் தேடலை.

டேப்பை இழுத்து இடம் மாத்தறதும் இங்க தான் லேசா முடிஞ்சுது. மேட்-டேப்-குரூப்ல லேபிளோட வெளி டப்பா நம்ம கையில இல்லாததால சிடிகே-ட்ராக்கை ஒட்ட இடம் தேடணும், ஒவ்வொரு லேபிளுக்குள்ளயும் ஒரு ட்ராப்-லிஸ்ட் வச்சு எல்லாத்தையும் இணைச்சு சமாளிக்கறவங்க இருக்காங்க, நானும் செஞ்சு பாத்தேன், எழுத்து மேல பிடிச்சா நகரும், பேடிங் மேல பிடிச்சா நகராது. நாமளே எழுதுன வரிசையில ட்ராப்-லிஸ்ட் கிடைமட்டம்னு சொல்லிட்டு டேப் மேல ட்ராக் போட்டா முடிஞ்சுது.

அதனால செட்டிங்ஸ் பக்கம், ரிப்போர்ட் பக்கம் மாதிரி நிலையா நாலு டேப் இருக்கற இடத்துல எல்லாம் நாங்க இன்னைக்கும் மேட்-டேப்-குரூப் தான், லேபிள் டெம்ப்ளேட்டும் டோக்கனும் போதும், அங்க போய் சொந்தமா எழுதறது வீண் வேலை. ரிப்போர்ட் பக்கத்துலயும் ஒரே மாதிரி தெரியட்டுமேன்னு சொந்த டேப்பை போடலாமான்னு டீம்ல ஒருத்தர் கேட்டார், வேண்டவே வேண்டாம்னுட்டேன், கோட் எழுதுனவன் லீவுல போனா அடுத்தவன் தான் அதை மேய்க்கணும். பில் ஸ்கிரீன் ஒண்ணுல மட்டும் தான் சொந்த டேப்.

அதுலயும் ஒரு குறை, ரெண்டு வாரம் கழிச்சு தான் பிடிபட்டுச்சு, பிடிச்சது அதே அக்கா தான். டெலீட் அழுத்தி பில்லை மூடுனா அந்த எலிமென்ட்டே டாம்ல (பக்கத்தோட எலிமென்ட் எல்லாம் இருக்கற மரம்) இருந்து போயிடுது, ஃபோக்கஸ் எங்க போறதுன்னு தெரியாம பாடிக்கு போய் விழுது, அடுத்த டேப் கீ அழுத்துனா பக்கத்தோட உச்சியில இருக்கற லோகோல போய் நிக்குது. மூடறதுக்கு முன்னாடியே வலது பக்க டேப்பை குறிச்சு வச்சுக்கிட்டு, அது இல்லன்னா இடது, மூடுனதும் அங்க ஃபோக்கஸை வைக்கணும். கடைசி ஒரு பில்லையும் மூடிட்டா? அப்ப டேப்பே இல்ல, "புது பில்" பட்டனுக்கு போகணும். அதை நான் எழுதி முடிக்கறப்ப மணி ஏழரை, அக்கா மவுஸை திரும்ப சொருகிட்டு கிளம்பிட்டாங்க.